நான்காம் பக்கம்

கருமாரி துணை

நூம்பல்
18-6-1972

அன்புள்ள அண்ணனுக்கு லோகநாயகி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நான், அவர், சுசீலா மூவரும் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? நொச்சி இலையை வதக்கிக் கட்டச் சொன்னேனே, கட்டினார்களா?

இத்துடன் ஒரு மனு இருக்கிறது. போன கார்த்திகையில் எங்கள் சமையல்கட்டில் நல்லபாம்பு புகுந்ததையும், ஏரிக்கரை இருளர் துலுக்கானம் வந்து பிடித்துப் போனதையும் எழுதியிருந்தேன் அல்லவா? அவன் மனைவி கன்னியம்மா அன்று முதல் என்னோடு ஒட்டிக்கொண்டாள். வாரம் ஒரு தரமாவது வந்து உட்கார்ந்து பேசாமல் போகமாட்டாள். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் ஓரத்தில் அவர்கள் பதினோரு குடிசை. பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறார்கள். இப்போது அந்தப் புறம்போக்கை அளந்து கம்பெனிகளுக்கு விடப்போவதாகப் பேச்சு. நெடுநாள் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டினால் வீட்டு மனைப் பட்டா கிடைக்கும் என்று பொங்கலுக்கு வந்தபோது நீங்கள்தான் சொன்னீர்கள். ஆதாரம் என்று அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆகவே நானே எழுதினேன்.

முதல் மூன்று பக்கத்தில் குடும்பம் குடும்பமாகப் பெயர், வயது, தொழில். நான்காம் பக்கத்தில், அவர்கள் கும்பிடும் ஏழு கன்னிமார் கல் எந்தத் தாழம்புதருக்குள் இருக்கிறது, செத்தவர்களை எந்த மேட்டில் புதைக்கிறார்கள், மதகிலிருந்து எப்படிப் போகவேண்டும் என்பதெல்லாம். சுசீலாவுக்கு அம்மை கண்டிருந்தபோது கன்னியம்மா என்னை அங்கே அழைத்துப்போய் வேண்டிக்கொள்ள வைத்தாள். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு பிசகு இருக்காது.

கைநாட்டு வாங்கும்போது துலுக்கானம், "யக்கா, பேர எய்திக்கினு போனா போலீசுதான் வரும். இதுக்கு இன்னா வரும்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். பட்டா வரும் என்றேன். என் வாக்கைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

அண்ணிக்கு என் நமஸ்காரம்.

தங்கை லோகநாயகி

*

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
3-7-1972

சிரஞ்சீவி லோகநாயகிக்கு அண்ணன் வேலுசாமியின் ஆசீர்வாதம். அண்ணிக்கு வலி கொஞ்சம் தேவலை. உன் நொச்சி இலையால் என்கிறாள். டாக்டர் தன் மாத்திரையால் என்கிறார். மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறிவிட்டதா? சுசீலா பள்ளிக்கூடம் போகிறாளா?

மனுவை எங்கள் கலெக்டர் ஆபீஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்து நம்பர் போட வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதியது என்றால் எங்கள் செக்‌ஷனில் ஒருவரும் நம்பவில்லை. சூப்பிரண்டு இரண்டு தடவை படித்தார். "இந்த நாலாம் பக்கம்தான்யா மனுவுக்கு உயிர். சாமி இருக்கு, சுடுகாடு இருக்கு, வேற என்ன ஆதாரம் வேணும்?" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

சுருக்கம் ஒன்று எழுதித் தாலுகாவுக்கு அனுப்பியாயிற்று. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி என்பவர் நேரில் வந்து பார்ப்பார். கன்னியம்மாவைக் கூட இருந்து காட்டச் சொல்.

உன் அண்ணன்
வேலுசாமி

*

கருமாரி துணை

நூம்பல்
20-8-1972

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். ஆடி வெள்ளிக்குத் திருவேற்காடு போய் அண்ணி பெயருக்கும் அர்ச்சனை செய்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தனியாக வரவில்லை. கர்ணம், ஊர்க் கோயில் தர்மகர்த்தா தசரதன், இன்னும் நாலு பேர். கன்னியம்மாவை யாரும் கூப்பிடவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே மதகிலிருந்து நேராகத் தாழம்புதருக்குப் போய்விட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தசரதன் புதரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசமா ஊருக்குள்ள கீறோம், நம்ம கண்ணுக்குப் படாத சக்தி பாரு. அம்மா இப்பத்தான் வெளிப்பட்டுக்கீறா" என்று சொல்லிக் கல்லுக்கு மஞ்சள் பூசினார். கர்ப்பூரம் ஏற்றினார்கள். என் கை தானாகக் குவிந்துவிட்டது. கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் எதிரே கன்னியம்மா. இடுப்பில் விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், தசரதன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மதகருகே கண்டாலும் வேறு வழியாகப் போகிறாள்.

கூட இருந்து காட்டச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டதால் அவளிடம் அதைச் சொல்லவே எனக்கு வாய்ப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று உடனே எழுதவும்.

லோகநாயகி

*

கருமாரி துணை

நூம்பல்
15-10-1972

அன்புள்ள அண்ணனுக்கு. ஆகஸ்டில் போட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணி சௌக்கியம்தானே? நவராத்திரிக்கு நான் கொலு வைக்கவில்லை. மனசு சரியில்லை.

கற்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். உண்டியல் ஒன்று வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கன்னியம்மாவின் அப்பா வீராசாமி கூழ் எடுத்துக்கொண்டு போனார். "வெளியிலேருந்து கும்பிட்டுட்டுப் போ, தாத்தா. உள்ள வரக்கூடாது. எலி துன்ற கையி" என்றாராம் தசரதன். கிழவர் கூழை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் காலை கன்னியம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"யக்கா, அந்தக் காயிதத்துல இன்னா எய்தின? எனக்குப் படிச்சிக் காட்டு."

எழுதிப் பார்த்த பிரதியை எடுத்துவந்து படித்தேன். மூன்று பக்கமும் கேட்டுக்கொண்டாள். இன்னாருக்கு வயசு அவ்வளவு ஆகவில்லை என்று ஒரு இடத்தில் திருத்தினாள். நான்காம் பக்கத்தில் நான் இரண்டு வரி படித்ததுமே, "போதும்" என்றாள்.

"பேர எய்து, ஊடு ஓணும்னு எய்துன்னு நாங்கதான் சொன்னோம். எங்க ஆத்தா எடத்த எய்துன்னு யாரு சொன்னது?"

நல்லதுக்குத்தான் எழுதினேன் என்றேன்.

"ஒம் பொண்ணுக்கு அம்மை வார்த்துச்சி. நீ அய்துகினு இருந்த. அதுக்குக் காட்டினேன். நீ அத்த ஊருக்கே காட்டிட்ட. கைநாட்டு வாங்கும்போது எங்களுக்கு ஏன் படிச்சிக் காட்டல?"

அண்ணா, படித்துக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைத் திருப்பி வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அனுப்பிவையுங்கள். மற்ற மூன்று பக்கம் அங்கேயே இருக்கட்டும்.

லோகநாயகி

*

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
4-11-1972

லோகநாயகிக்கு ஆசீர்வாதம். அண்ணி நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் இரத்த அழுத்தம் என்று உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் ஆகஸ்டு கடிதம் வந்தபோதே ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று தள்ளிப்போட்டேன். ரிப்போர்ட்டில் மூன்று விஷயம். பதினோரு குடும்பத்துக்கும் பட்டா கொடுக்கலாம். இது நல்ல செய்தி. கன்னிமார் கற்கள் பொது வழிபாட்டுக்கு உரியவை, ஊர்க் கோயில் பொறுப்பில் விடலாம். மூன்றாவது, அந்த இடுகாடு. எந்த மேட்டிலும் அடையாளக் கல்லோ சமாதியோ தென்படாததால் புதைத்த இடத்தைத் தோண்டிச் சரிபார்த்து அறிக்கை தரவேண்டும் என்று மேலிருந்து குறிப்பு. மழை முடிந்து மண் காய்ந்ததும் ஆள் வருவார்கள்.

நீ கேட்டது முடியாது. நம்பர் விழுந்த காகிதம் சர்க்கார் சொத்து. எழுதியவளே கேட்டாலும் கிடையாது. கைநாட்டு வைத்தவர்கள் கேட்டாலும் கிடையாது. வேண்டாம் என்றால் மனுவையே வாபஸ் வாங்கவேண்டும். பட்டாவும் போய்விடும்.

தாலுகாவுக்குப் போனது சுருக்கம்தான். அதில் கற்களின் இடம் இருக்கிறது. மேடு எது என்ற அடையாளம் உன் நான்காம் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. தோண்ட வருகிறவர்கள் இங்கிருந்து அதை வாங்கிக்கொண்டு போவார்கள். தகவலுக்காக எழுதுகிறேன்.

இனி இது பற்றி எழுதினால் வீட்டு விலாசத்துக்கு மட்டும் எழுது.

வேலுசாமி

*

கருமாரி துணை

நூம்பல்
21-1-1973

அன்புள்ள அண்ணனுக்கு. பொங்கல் வந்து போயிற்று. நீங்கள் வராதது சுசீலாவுக்கு ஏமாற்றம். இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை. அங்கும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தசரதன் அவரை அம்பத்தூர் பஸ்ஸில் பார்த்து, "ஒங்க ஊட்டுக்காரம்மாவ கொஞ்சம் அடக்கி வையி, நைனா" என்றாராம். அவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். சோறு போட்டபோது, "எழுதறதுன்னா உனக்கு அரிப்பு. யாரு கேட்டா?" என்றார். கன்னியம்மாவும் அதையே கேட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தோண்டும் விஷயத்தை நானே போய் அவளிடம் சொன்னேன். ஏற்கெனவே ஒருவர் வந்து, மாசி கடைசியில் கூலி ஆட்களோடு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்களுக்கு ஒரு கடிதம் எழுது என்றாள். அவள் சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்டினேன். சரி என்ற பிறகுதான் தபாலில் போடுகிறேன்.

"ஆபீசு அண்ணாத்தேக்கு கன்னியம்மா சொல்றது. நான் சொல்றத அப்டியே எய்தணும், நல்லா ஆக்கி எய்தக்கூடாதுன்னு யக்கா கிட்ட சொல்லிக்கீறேன்.

எங்க பேரு எய்தின மூணு பக்கத்த நீங்க வச்சிக்கோங்க. அது நாங்க குட்த்தது. நாலாவது நாங்க குடுக்கல. குடுக்காதத நீங்க எப்டி வச்சிக்கலாம்?

மேட்டுல எம் பெரிய பொண்ணு கீறா. மின்ன வருசம் காச்சல்ல பூட்டா. நாங்க கல்லு நடமாட்டோம், பேரு வெக்கமாட்டோம். எங்க பொதச்சோம்னு எங்களுக்குத் தெரியும். அது போதும் எங்களுக்கு. தோண்டிப் பாத்தாத்தான் நம்புவோம்னு அந்த சாரு சொல்றாரு. அவுரு ஊட்டு சுடுகாட்ட யாராச்சும் தோண்டிப் பாத்துட்டுத்தான் அவுருக்கு ஊடு குட்த்தாங்களா?

கல்லுன்னா தூக்கிக்கினு பூடலாம். மண்ணுக்குள்ள கீறவங்கள எப்டி தூக்கறது?

பட்டா வாணாம்னு நான் சொல்லல. அதுவும் ஓணும், எங்க செத்தவங்களும் ஓணும். ஒண்ண குட்த்து ஒண்ண வாங்கிக்கோன்னு சொன்னா அது ஞாயமில்ல.

கைநாட்டு வெக்கல. எங்க கைநாட்டு ஒங்ககிட்ட மின்னியே கீது."

அவ்வளவுதான் அண்ணா. நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

லோகநாயகி

*

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
12-3-1973

லோகநாயகிக்கு ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. இரண்டு மாதமாக எழுத ஓய்வில்லை. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வெயில் இப்போதே கடுமையாக இருக்கிறது.

கோயில் குங்குமம் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தை நீயே பிரி. சுசீலா கையில் கொடுக்காதே.

வேறு விசேஷம் இல்லை.

வேலுசாமி

*

கருமாரி துணை

நூம்பல்
25-3-1973

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். நாங்கள் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று இப்போது காலையிலும் மாலையிலும் விளக்கேற்றுகிறேன்.

குங்குமம் வந்தது. அதைச் சுற்றியிருந்த தாளும் வந்தது. என் கையெழுத்தை நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஊதா மையில் நம்பர், கோத்த நூலின் துளை. நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று புரிந்ததும் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன். நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

கன்னியம்மாவிடம் கொண்டுபோனேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "மின்ன படிக்காம உட்ட இல்ல, இப்ப எல்லாத்துக்கும் படி" என்றாள். பதினோரு குடிசை ஆட்களும் உட்கார்ந்தார்கள். படித்தேன். வீராசாமி கிழவர் மட்டும், "எல்லாம் செரியாத்தான் எய்திக்கீது" என்றார். படித்து முடித்ததும் துலுக்கானம் தாளை வாங்கிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் வைத்தான். கன்னியம்மா எனக்கும் ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றினாள். குடித்துவிட்டு வந்தேன்.

பங்குனி பிறந்ததும் தோண்ட வந்தார்கள். மேடு எது என்றார்கள். இங்கே எத்தனையோ மேடு இருக்கிறது, எதைக் கேட்கிறீர்கள் என்றாராம் வீராசாமி. காகிதம் கொண்டுவருகிறோம் என்று திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று. மாசி மகத்துக்கு அவர்கள் எல்லோரும் வருஷா வருஷம் மகாபலிபுரம் கடற்கரைக்குப் போவார்கள். கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி, வழக்குத் தீர்த்து வருவார்கள். பானை, சட்டி, கோணி என்று மூட்டை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புவதை ஊர் பார்த்துப் பழகியது. இந்த வருஷமும் கிளம்பினார்கள். தசரதன்கூட, "அம்மாவ இங்க உட்டுட்டு அங்க எங்கடா போறீங்க?" என்று கிண்டல் செய்தாராம்.

அம்மா மூட்டைக்குள் இருந்திருக்கிறாள், அண்ணா. ஏழு கல்லும். வேலிக்குள் இப்போது இருப்பவை கால்வாயில் பொறுக்கிய கற்கள். மஞ்சளையும் குங்குமத்தையும் அவ்வளவு தடிமனாகப் பூசியிருந்ததில் மாற்றியது யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மணி அடிக்கிறார்கள், உண்டியலும் நிரம்புகிறது. அங்கே போய் நிற்கும்போது கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு தரம் கும்பிட்டுவிட்டேன். அந்தக் கல் என்ன பாவம் செய்தது?

கடலிலிருந்து திரும்பிவந்து எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

லோகநாயகி

*

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
10-6-1973

லோகநாயகிக்கு ஆசீர்வாதம். அண்ணிக்கு முழங்கால் வலி மறுபடி. இந்தத் தடவை இலை கட்டியும் கேட்கவில்லை. இராத்திரியில் உட்கார்ந்தே இருக்கிறாள். வலியால்தான் என்கிறாள்.

எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். பைலில் நான்காம் பக்கம் இல்லை. கடைசியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சஸ்பெண்டு செய்வார்கள். அதற்கு மேலும் போகலாம்.

சூப்பிரண்டு ஒரு வழி சொன்னார். மனு எழுதியவரிடம் எழுதிப் பார்த்த பிரதி இருந்தால் அதிலிருந்து ஒரு நகல் வாங்கிச் சேர்த்துவிடலாம். காணாமல் போனது அசட்டை என்று முடிந்துவிடும். உனக்கும் ஆபீஸிலிருந்து கடிதம் வரும். நான்காம் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்பார்கள்.

நீ எதையும் கிழித்துப்போடாதவள் என்பது எனக்குத் தெரியும். பால் சீட்டுகூட வைத்திருப்பாய்.

எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. பங்குனியில் நீ போட்ட கடிதத்தைப் படித்ததுமே அடுப்பில் போட்டுவிட்டேன்.

சுசீலாவை முத்தமிட்டதாகச் சொல்.

வேலுசாமி

*

கருமாரி துணை

நூம்பல்
24-6-1973

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். இங்கே உடம்பு எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். அண்ணிக்கு ஒத்தடம் கொடுக்க ஆள் வேண்டுமானால் நான் வந்து இருக்கிறேன்.

ஆபீஸ் கடிதம் வந்தது. எழுதிப் பார்த்த பிரதி சுவாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை நகல் எடுத்தால் என் அண்ணன் சோறு தப்பும். ஆனால் ஆட்கள் நேராக மேட்டுக்குப் போவார்கள், கடப்பாரையோடு. கன்னியம்மாவின் பெண் சுசீலா வயசு.

அவரிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உங்க அண்ணன் அதைக் கிழிச்சு எடுத்தது இதை நீ எழுதிக் குடுக்கவா?" என்றார். அதோடு குளிக்கப் போய்விட்டார்.

பிரதியை அடுப்பில் போட்டுவிட்டேன். பிறகு கால் கை கழுவி, விளக்கேற்றி, ஆபீசுக்குப் பதில் எழுதினேன். உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"அய்யா, இருளர் குடும்பங்களுக்காக நான் எழுதிய மனு மூன்று பக்கம் மட்டுமே. நான்காவதாக இருந்தது என் அண்ணன் வேலுசாமிக்கு நான் எழுதிய சொந்தக் கடிதம். என் மகளுக்கு அம்மை கண்டிருந்தபோது நான் செய்துகொண்ட வேண்டுதலைப் பற்றி அதில் எழுதியிருந்தேன். ஒரே கவரில் இரண்டையும் வைத்து அனுப்பியது என் பிசகு. மனுவோடு சேர்த்துக் கோத்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்து, என் கடிதத்தை அனுப்பச் சொல்லி நான்தான் கேட்டேன். அது சர்க்காருக்கு எழுதியது அல்ல. அதில் இருந்ததைச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. பெண்களின் வேண்டுதல் வெளியே சொல்லக்கூடாதது."

இந்த வயசு வரைக்கும் நான் பொய் எழுதியது இல்லை, அண்ணா. எழுதியதும் திருப்பிப் படித்தேன். எது பொய், எது இல்லை என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

தபாலில் போடும் முன் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சிரித்தது அன்றுதான்.

"பொய்யா எய்திக்கீற, யக்கா?"

ஆமாம் என்றேன்.

"அதுக்கும் நம்பரு போடுவாங்களா?"

போடுவார்கள் என்றேன்.

"அப்ப அது சர்க்காரு சொத்து. நல்லா பத்ரமா வச்சிக்கட்டும்" என்றாள்.

லோகநாயகி

*

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
19-8-1973

லோகநாயகிக்கு ஆசீர்வாதம். அண்ணி எழுந்து நடக்கிறாள். இரண்டு நாளாகச் சமைக்கிறாள். உப்பு குறைச்சலான சாம்பாருக்கும் பழகிவிட்டேன்.

உன் பதிலுக்கு நம்பர் விழுந்தது. சூப்பிரண்டு அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பக்கம்தான் மனுவுக்கு உயிர் என்றவர் அவர். சொந்தக் கடிதத்தை மனு என்று படித்துச் சுருக்கம் எழுத விட்டவரும் அவரே. இதை மேலே கொண்டுபோனால் முதலில் அவர் தலைதான் உருளும். கையெழுத்து ஒன்றாக இருந்ததில் இரண்டும் கலந்துவிட்டன என்று குறிப்பு எழுதினார். எனக்கு ஒரு இன்கிரிமெண்டு வெட்டு, வேறு செக்‌ஷனுக்கு மாற்றல். இப்போது பழைய பைல்களுக்குத் தூசி தட்டுகிறேன். பரவாயில்லை.

இடுகாடு பற்றி, "அடையாளம் தெரியாததால் சரிபார்க்க இயலவில்லை" என்று எழுதி முடித்துவிட்டார்கள். இனி யாரும் தோண்ட வரமாட்டார்கள். மூன்று பக்கத்தின் பேரில் பட்டா நகர்கிறது. மெதுவாகத்தான் நகரும்.

இந்தப் புது செக்‌ஷனில் அலமாரி அலமாரியாகக் காகிதம். நேற்று ஒரு கட்டைப் பிரித்தேன். எந்த ஊரோ, எந்த ஜனமோ, வரிசையாகக் கைநாட்டு. இவர்களுக்கு யார் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பியூன் வந்து, என்ன சார் என்று கேட்டான்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கற்களை இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள்? ஆபீசுக்காக இல்லை. எனக்காகத்தான். ஒரு தரம் வந்து கும்பிடலாம் என்று.

வேலுசாமி

*

கருமாரி துணை

நூம்பல்
9-9-1973

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் நமஸ்காரம். அண்ணி நடக்கிறார்கள் என்று படித்ததும் சுசீலாவைத் தூக்கிச் சுற்றினேன். கனத்துவிட்டாள், முடியவில்லை.

அளக்கிறவர்கள் வந்து கால்வாய் ஓரத்தில் முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காகிதம் இன்னும் வரவில்லை. துலுக்கானம் தன் முளையில் தினமும் வேட்டி காயப்போடுகிறான். தசரதன் கோயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். மழை இந்த வருஷம் முந்திக்கொண்டது. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர். உங்கள் மாப்பிள்ளை நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்.

போன வெள்ளிக்கிழமை கன்னியம்மா வந்து, குளித்துவிட்டு வா என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். ஏழு கல்லுக்கும் கூழ் வைத்துக் கும்பிட்டோம். அண்ணி முழங்காலுக்கும் உங்கள் இரத்த அழுத்தத்துக்கும் வேண்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது அவள் எழுதாதே என்றுகூடச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டிருந்ததை நேற்று அவளிடம் சொன்னேன். யோசித்தாள். "அண்ணாத்தே வரட்டும். வந்தா நானே கூட்டிக்கினு போறேன்" என்றாள்.

ஆகையால் நேரில் வாருங்கள்.

தங்கை லோகநாயகி